சின்னப் பட்டறையா, பெரிய கம்பெனியா? வாளையாருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

2023 ஆகஸ்ட் 9, வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அண்ணா, டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் பட்டறையில் நாலு வருஷமாக இருக்கிறேன். கையில் 19,000 வருகிறது. முதலாளியே லேத் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பார். இப்போது பெரிய இன்ஜினியரிங் கம்பெனி ஒன்றில் 27,000 தருவதாகக் கூப்பிடுகிறார்கள். "அங்கே போனால் கை மறந்துபோகும், கையெழுத்து மட்டும்தான் மிஞ்சும்" என்கிறார் முதலாளி. நிஜமா?

ஆகஸ்ட் 9, இரவு

பாதி நிஜம். மீதிப் பாதி, 27,000 கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரன். 1998-இல் சேர்ந்து 2021-இல் வெளியே வந்தேன். 23 வருடம், ஒரே கேட். கஞ்சிக்கோடு பக்கம் பாய்லர் உறுப்புகள் செய்யும் ஆலை. பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். முதல் ஆறு வருடம் ஃபிட்அப்பில் (பற்றவைக்கும் முன்பு துண்டுகளைப் பொருத்துவது), பிறகு தரச் சோதனையில்.

ஒன்று மட்டும் இப்போதே பார்த்துச் சொல். வேலைக் கடிதத்தின் தலைப்பில் இருப்பது யார் பெயர்? கம்பெனி பெயரா, கான்ட்ராக்டர் பெயரா?

ஆகஸ்ட் 10

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியது. இன்று நல்லதைச் சொல்கிறேன், கெட்டதைச் சொல்ல ஆள் நிறையப் பேர் வருவார்கள்.

பெரிய கம்பெனிக்குப் போகும் முன்பு நானும் சிட்கோவில் ஒரு பட்டறையில் இரண்டு வருடம் இருந்தேன். சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் முதலாளியின் ஸ்கூட்டர் வாசலில் நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்போம். ஸ்கூட்டர் இல்லையென்றால் சம்பளம் திங்கட்கிழமைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். நல்ல மனிதர்தான், அவருக்கும் பில் வந்திருக்காது.

அங்கிருந்து இங்கே வந்த முதல் மாதம், 30-ஆம் தேதி காலையில் பாங்கில் பணம் கிடந்தது. யாரையும் கேட்கவில்லை, யார் ஸ்கூட்டரையும் தேடவில்லை. அந்தச் சுகம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். என் சம்பளச் சீட்டைக் காட்டித்தான் அப்பா வீட்டுக்கு ஓடு மாற்றினார், தங்கைக்குக் கல்யாணம் ஆனது. சித்தூர் பாங்கில் "எந்தக் கம்பெனி?" என்று கேட்டுவிட்டு நாற்காலியைக் காட்டினார்கள். (நம்ம பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரா நண்பர்கள் கோபிக்க வேண்டாம். என் இன்டர்வியூ கடிதமே முதலில் உங்கள் சித்தூருக்குப் போய்ச் சுற்றிவிட்டுத்தான் வந்தது.)

கேன்டீன் பற்றித் தனியாக எழுத வேண்டும். நாலு ரூபாய்க்குச் சாப்பாடு. கேரளத்துச் சிவப்பு மட்ட அரிசிச் சோறு. எனக்கு அது இறங்க ஒரு வருடம் ஆனது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

கை மறந்துபோகும் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டறையில் நீ ஒரு பம்பை முழுசாகப் பார்ப்பாய். வார்ப்பு வரும், லேத்தில் கடைவாய், பூட்டுவாய், தண்ணீர் தள்ளுகிறதா என்று பார்ப்பாய். பெரிய ஆலையில் முழுசு என்று ஒன்று கிடையாது. நான் 23 வருடம் பாய்லர் உறுப்பு பார்த்தேன், ஓடுகிற பாய்லரைப் பார்த்தது இரண்டே தடவை. அதுவும் டூர் போன மாதிரி.

ஆனால் பட்டறையில் சாகும் வரை பார்க்க முடியாத சிலவற்றை அங்கே பார்க்கலாம். சாய்வாக 45 டிகிரியில் கட்டிய குழாயைச் சுற்றிச் சுற்றி வெல்டர் பற்றவைக்கிற தேர்வு. எங்கள் பாஷையில் ஆறு-ஜி. கீழே படுத்து, பக்கத்தில் சாய்ந்து, மேலே எம்பி, ஒரே மூச்சில் ரூட், அதாவது முதல் அடுக்கு, போட வேண்டும். அந்தத் தேர்வில் தேறியவனின் முகத்தில் பத்து நாள் ஒரு நடை இருக்கும். முகத்தில் எப்படி நடை இருக்கும் என்று கேட்காதீர்கள், இருக்கும்.

அப்புறம் ராத்திரி எக்ஸ்ரே. எக்ஸ்ரே என்று வாய் சொல்லுமே தவிர, அது இரிடியம்-192. மிகச் சிறிய கதிரியக்க உலோகத் துண்டு, கதிரைத் தடுக்கும் கனத்த பெட்டிக்குள் இருக்கும். அதன் பலம் சுமார் 74 நாளில் பாதியாகிவிடும், அதனால் மூலப்பொருளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஷெட்டில் எல்லோரையும் வெளியேற்றிக் கயிறு கட்டிவிட்டுப் படம் எடுப்பார்கள். நாங்கள் வெளியே நின்று கட்டன்சாயா குடிப்போம். வாளையார்க் காட்டுப் பக்கமிருந்து ரயில் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டே வரும். யானை தண்டவாளத்தில் நிற்கும் இடம் அது. விடிவதற்குள் படம் கழுவி வந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு ஊசிமுனை ஓட்டை கறுப்பாகத் தெரியும். வெல்டர் பார்ப்பதற்கு முன்பு நாம் பார்த்துவிடுவோம். அவனிடம் போய்ச் சொல்வது ஒரு கஷ்டம்.

ஜூன் மாதம் இன்னொரு தொல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று சும்மா வராது, தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வரும். 7018 வெல்டிங் ராடு ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தில் ஹைட்ரஜன், ஹைட்ரஜனில் விரிசல். அதுவும் உடனே வராது, இரண்டு நாள் கழித்து வரும், நீ ஓகே போட்ட பிறகு. அதனால் ராடை 300, 350 டிகிரியில் சுட்டு, கையடக்கச் சூட்டுப்பெட்டியில் வைத்துத்தான் வெல்டரிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு செல்போன் சார்ஜ் போடுகிறவர்களைப் பிடிப்பதுதான் என் வேலையில் பாதி.

கை மறந்ததா? மறந்தது. இன்று அரம் பிடித்தால் என் கோடு நேராக வராது. கண் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 14

மேலே நாலு ரூபாய்ச் சாப்பாடு என்றேன். வீட்டில் படித்துவிட்டு "ஆறு ரூபாய், நீங்கள்தான் புலம்பினீர்கள்" என்கிறார்கள். ஆறு.

ஆகஸ்ட் 29, திருவோணம்

இன்று போனஸ் ஞாபகம். அப்போதிருந்த 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், கூடினால் 20. அது பிரச்சினை இல்லை. எப்போது என்பதுதான் பிரச்சினை. கேரளத்தில் ஆலை, அதனால் ஓணத்துக்கு வரும். என் வீட்டில் தமிழ். தீபாவளிக்குத்தான் துணி, பலகாரம், தங்கச்சி சீர். ஆவணியில் வந்த பணத்தை ஐப்பசி வரைக்கும் காப்பாற்ற வேண்டும். ஒரு வருடம்கூட முடிந்ததில்லை. எல்லையைத் தாண்டி கோயம்புத்தூரில் வேலை செய்த என் மச்சானுக்குத் தீபாவளிக்கு முந்தின வாரம் கையில் கற்றையாக இருக்கும். அவர் வீட்டு லட்டும் என் வீட்டு லட்டும் ஒரே அளவில் இருந்ததில்லை.

மலையாளத்துச் சேட்டன்கள் அன்று பூக்களம் போட்டு எங்களையும் கூப்பிட்டு இலை போடுவார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அந்தப் பருப்பு, நெய், பப்படம் இன்றும் வேண்டும்.

செப்டம்பர் 3

ராணிப்பேட்டை அண்ணன் எழுதியதைப் படித்தேன். "பெரிய கம்பெனி என்றால் நிரந்தரம் என்று எவன் சொன்னான்" என்கிறார். சரிதான். எங்களுக்கும் அதே அலைதான் அடித்தது. 2008, 2009-இல் இடம் போதாமல் ஷெட்டுக்கு வெளியே தார்பாய் கட்டி வேலை செய்தோம். ஓவர்டைம் சம்பளத்தைத் தாண்டும். அடுத்த பத்தாண்டில் நாட்டில் புது நிலக்கரி மின்நிலையங்களுக்கு ஆர்டர் வற்றியது. எங்கோ டெல்லியில் ஒரு கோப்பு நகரவில்லை என்றால் கொழிஞ்சாம்பாறையில் மளிகைக் கடைக் கணக்கு ஏறும். பட்டறையில் பில் வராததை முதலாளி முகத்தில் பார்க்கலாம். இங்கே முகமே கிடையாது, நோட்டீஸ் போர்டு மட்டும்தான்.

மூன்று கம்பெனி பஸ் இரண்டானது. இரண்டாவதில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. அதுதான் லாபம்.

செப்டம்பர் 3, கொஞ்சம் கழித்து

லாரி பற்றியும் சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வாளையார் வரிச் சோதனைச் சாவடி போனது. அதற்கு முன்பு தமிழ்நாட்டிலிருந்து பிளேட் (இரும்புத் தகடு) ஏற்றி வரும் லாரி வரிசையில் நாள்கணக்காக நிற்கும். லாரி வரவில்லை என்று திட்ட அறிக்கையில் எழுதினால் மும்பையிலிருந்து போன் வரும். "எட்டு கிலோமீட்டர்தானே, ஏன் வரவில்லை?" அவருக்கு எப்படிச் சொல்வது. வரிசை அதைவிட நீளமாக இருந்த நாளும் உண்டு. நான் ஒரு தடவை டிரைவருக்குச் சோறு கட்டிக்கொண்டு போய், லாரி மேல் ஏறி, பிளேட்டின் ஹீட் நம்பரை (எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண்) அங்கேயே சரிபார்த்திருக்கிறேன்.

நோக்குகூலி பற்றி யாரோ கேட்டார்கள். சுமையை இறக்காமல் வேடிக்கை பார்த்ததற்குக் கூலி. 2018 மே 1 முதல் கேரள அரசு அதைத் தடை செய்தது. நம்மூர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். பிறகு யோசித்தேன், மார்ச் மாதத்தில் நானும் மூன்று நாள் கிரேனை வேடிக்கை பார்த்துத்தான் சம்பளம் வாங்கினேன்.

செப்டம்பர் 17

தம்பி, "மனசுக்குப் பிடிக்காததைச் செய்யச் சொன்னால் என்ன செய்வீர்கள்" என்று கேட்டிருக்கிறாய். ஒரு கதை சொல்கிறேன்.

2009 மார்ச் கடைசி வாரம். மார்ச் 31-க்குள் கேட்டைத் தாண்டினால்தான் அந்த வருடக் கணக்கில் பில் ஏறும். அதற்காக முடியாத வேலையை லாரியில் ஏற்றி அனுப்பி, ஏப்ரலில் "சின்னத் திருத்தம்" என்று திருப்பிக்கொண்டு வந்த கூத்தெல்லாம் இந்தத் தொழிலில் உண்டு.

பி-91 என்று ஓர் உருக்கு. அதில் ஒரு ஹெட்டர் (பாய்லரில் பல குழாய்கள் வந்து சேரும் பெரிய குழாய்) ஜாயின்ட். பற்றவைத்த பிறகு எஸ்.ஆர். போட வேண்டும், அதாவது இறுக்கம் தளர்வதற்காகச் சூடு கொடுப்பது. பேடு சுற்றி, ராக்வூல் போர்த்தி, 760 டிகிரி வரை மெதுவாக ஏற்றி, மணிக்கணக்கில் அங்கேயே நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். சூடு ஏறி இறங்குவதை ரெக்கார்டர் கலர் கலர் மையில் காகிதத்தில் கோடு போடும். அந்தச் சார்ட்தான் அத்தாட்சி. ராத்திரி இரண்டு மணிக்கு, நிறுத்திவைத்த நேரத்தில் கரன்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்க நாற்பது நிமிடம். சூடு மளமளவென்று இறங்கிவிட்டது. பிறகு மறுபடி ஏற்றினார்கள், ஆனால் ஷிப்டு முடிய அணைத்துவிட்டார்கள்.

காலையில் சார்ட்டில் என் கையெழுத்து கேட்டார்கள். நான் போடவில்லை. எஸ்.ஆர். திரும்பப் போட்டார்கள், ஹெட்டர் ஏப்ரல் 2-ஆம் தேதி போனது. என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான், செத்துப்போகவில்லை.

செப்டம்பர் 18

சத்தியவேடு நண்பர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். "நிறுத்திவைக்கும் நேரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதி இல்லையே, இரண்டு தடவையையும் கூட்டிக்கொள்ளலாமே, பிறகு எதற்கு மறுத்தீர்கள்?" என்கிறார்.

ஆமாம், கூட்டலாம். கூட்டியும் நேரம் பற்றவில்லை. தவிர, சார்ட்டில் இறக்கம் தெரிந்தால் இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்பார், பதில் எழுத வேண்டும், பதில் எழுத இரண்டு நாள்.

நாளை விவரமாக எழுதுகிறேன்.

செப்டம்பர் 26

எழுதவில்லை. ஒரு வாரமாக அந்தக் கேள்வி குடைகிறது. அவர் கேட்டது விதியைப் பற்றி, எனக்கு உறுத்துவது வேறு.

17-ஆம் தேதி எழுதியது பொய். முழுப் பொய் இல்லை, என் பங்கு பொய்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

என் முன்னால் வந்தது இறக்கம் தெரிகிற சார்ட் இல்லை. சுத்தமான சார்ட். மலை மாதிரி ஏறி, மேலே மேசை மாதிரி நின்று, அழகாக இறங்கியது. ஷெட்டின் அடுத்த பகுதியில் வேறொரு ஜாயின்டுக்கு, வேறு மெஷினில் எடுத்தது. மேலே ஜாயின்ட் நம்பர் மட்டும் புதிதாக எழுதியிருந்தது. எனக்குத் தெரியும், கொண்டுவந்தவருக்கும் தெரியும். ஏற்கனவே ஐந்து கையெழுத்து இருந்தது, ஆறாவது என்னுடையது, எனக்குப் பிறகு இன்னும் மூன்று. ஒன்பது பேர். என்னுடைய ஒன்றால் என்ன ஆகிவிடும் என்று தோன்றியது. நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது, பயமாகக்கூட இல்லை.

மாட்டியது எப்படி என்றால், எஸ்.ஆர். மெஷினைக் காவல் காக்கும் கான்ட்ராக்ட் ஆள் ஒருவர் இருந்தார். கோவிந்தாபுரம் பக்கம், தமிழ்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாள் கூலி 180. இன்ஸ்பெக்டர் சார்ட்டை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டீ கொண்டுவந்து வைத்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம மெஷின்ல பச்சைப் பேனா ரெண்டு வாரமா எழுதலயே சாரே" என்றார்.

சார்ட்டில் பச்சைக் கோடு பளிச்சென்று இருந்தது.

அவர் யாரையும் மாட்டிவிட அதைச் சொல்லவில்லை என்றுதான் நான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மெஷின்காரன், மெஷினைப் பற்றிச் சொன்னான் என்று. இப்போது எழுதும்போது அதுவும் எனக்கு வசதியான நினைப்போ என்று படுகிறது. அவர் சட்டைப்பையில் ஒரு நோட்டு உண்டு. கரன்ட் போன நேரம், ஜெனரேட்டர் எடுத்த நேரம் எல்லாம் பென்சிலில் இருந்தது. கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தார்.

எஸ்.ஆர். திரும்பப் போட்டார்கள். ஹெட்டர் ஏப்ரல் 2 போனது. அது மட்டும் நான் சொன்னபடி. ஒன்பது பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்பது கையெழுத்து இருந்தால் யாரைப் பிடிப்பது? அடுத்த மாதம் கேட் பாஸ் புதுப்பிக்கும் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கான்ட்ராக்டரைக் கேட்டதற்கு "ஆள் குறைப்பு சார்" என்றார்.

நான் ஸ்டோருக்குப் போனது 2011-இல். அம்மாவுக்கு டயாலிசிஸ், ராத்திரி ஷிப்டு முடியாது என்று நானே எழுதிக் கொடுத்து வாங்கிய மாற்றம். இரண்டையும் எப்போது முடிச்சுப் போட்டேன் என்று தெரியவில்லை. பல வருடமாக மச்சானிடம், பிள்ளைகளிடம் இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

செப்டம்பர் 27

"விடுங்க அண்ணா, எல்லோரும் செய்வதுதான்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து பேரும் அதைத்தான் நினைத்திருப்பார்கள்.

அக்டோபர் 8

பேச்சை மாற்றுகிறேன். கிராஜுவிட்டி, பென்ஷன் கேட்டவர்களுக்கு.

நான் வெளியே வந்த 2021-இல் இருந்த விதிப்படி, ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி. கடைசி மாத அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்கினால் வருவது. 20 லட்சம் உச்சம். "மொத்தச் சம்பளம்" பெரிதாகவும் அடிப்படைச் சம்பளம் சிறிதாகவும் இருக்கிற கடிதத்தைப் பார்த்து மயங்காதே தம்பி, இங்கேதான் அடிவாங்கும்.

பி.எஃப். பென்ஷன், பென்ஷனுக்கான சம்பளத்தை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் வருவது. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பொதுவாக 15,000 வரைதான் கணக்கு, அதுவும் 2014 செப்டம்பரிலிருந்து. அதற்கு முந்தைய வருடங்களுக்கு 6,500. 23 வருடம் உழைத்த எனக்கு 58 வயதில் நாலாயிரத்தைத் தொடாது. கேன்டீனில் ஆறு ரூபாய்க்குச் சோறு போட்டது எதற்கு என்று இப்போது புரிகிறது.

அந்தக் கோவிந்தாபுரத்துக்காரருக்குப் பி.எஃப். பிடித்தார்களா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கேட்டிருக்கலாம், எங்கள் கேபினிலிருந்து இருபதடி தூரம்தான்.

அக்டோபர் 15

தம்பி கடைசியில் கடிதத்தைப் படித்திருக்கிறான். தலைப்பில் கான்ட்ராக்டர் பெயர். "பதினோரு மாதம், திருப்தியாக இருந்தால் நீட்டிப்பு."

நான் போகாதே என்று சொல்லப் போவதில்லை. பட்டறையில் 19,000-க்கு எழுத்தே கிடையாது, இங்கே பதினோரு மாதத்துக்காவது காகிதம் இருக்கிறது. ஹெல்மெட் நிறம் வேறாக இருக்கும், கேன்டீனில் வரிசை வேறாக இருக்கும். அதே ஜாயின்டில் உன் பக்கத்தில் நிற்பவனுக்கு இரண்டு மடங்கு. தெரிந்துகொண்டு போ. முதலாளியிடம் சண்டை போட்டுக்கொண்டு போகாதே. சாவியைக் கையில் கொடுத்து, கும்பிட்டுவிட்டுப் போ. பதினோரு மாதம் கழித்து அந்தக் கதவு வேண்டியிருக்கலாம்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள். பென்சிலும்.

நவம்பர் 5

கொல்லங்கோடு போயிருந்தேன். திரும்பும்போது கோவிந்தாபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். செக்போஸ்ட் பக்கம் டீக்கடையில் விசாரித்தேன். ஆளைத் தெரிகிறது. வீட்டை விற்றுவிட்டு மகளோடு திருப்பூர் பக்கம் போய்விட்டாராம், ஏழெட்டு வருடம் இருக்குமாம். போன் நம்பர் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

நவம்பர் 12, தீபாவளி

தம்பி சேர்ந்துவிட்டானாம். போட்டோ அனுப்பியிருக்கிறான், மஞ்சள் ஹெல்மெட்டில் பல் தெரியச் சிரிக்கிறான். எஸ்.ஆர். செக்ஷனில்தான் போட்டிருக்கிறார்கள். "அண்ணா, இங்கே பேனாவே இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது, பிரின்ட் எடுத்தால் போதும்" என்று எழுதியிருக்கிறான்.

சந்தோஷம். அந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும் என்று மட்டும் பார்த்து வை.